பார்சலில் அடிபட்டு வந்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி: கோளாறைப் பார்த்துச் சரிசெய்வது

நூறு வருஷம் பழசான துப்பாக்கி பார்சலில் உடைந்து வந்துவிட்டால், எல்லோரும் முதலில் கேட்பது "எதை வைத்து ஒட்டுவது?" என்றுதான். நான் முதலில் கேட்பது "எப்போது உடைந்தது?" என்று. பயணத்தில் ஏற்பட்ட சேதம் உண்டு. பல வருஷமாக உள்ளே இருந்து, இந்தக் குலுக்கலில் வெளியே வந்த தேய்மானமும் உண்டு. சேதமே இல்லாமல் சேதம் போலத் தெரிகிறதும் உண்டு. மூன்றுக்கும் வழி வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கை வைத்தவர்கள், பெட்டியில் படாத அடியையெல்லாம் மேசை மேல் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு கோளாறிலும் அது எப்போது ஏற்பட்டது என்று தெரிந்துகொள்ளும் வழியையும் சேர்த்தே சொல்கிறேன்.

துப்பாக்கியை வைத்திருக்கவும் அதில் வேலை செய்யவும் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மர வேலையை வீட்டில் செய்யலாம் என்றாலும், குழல், ட்ரிகர் சம்பந்தப்பட்ட வேலைக்கு உரிமம் உள்ள கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர்தான் சரி. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

பெட்டி நசுங்கி வந்திருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை

பிரிக்காதீர்கள். ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள். நசுங்கிய மூலையைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். பிறகு மூடியைத் திறந்து, உள்ளே அடைத்திருந்த பொருள் எப்படி இருந்ததோ அப்படியே எடுங்கள். துப்பாக்கியை வெளியே எடுத்த பிறகு பெட்டியையும் அடைப்புப் பொருளையும் எறிய வேண்டாம். காப்பீடு கேட்கும்போது, சேதம் எவ்வளவு என்பதோடு எப்படி அடைத்து அனுப்பினார்கள் என்பதையும் பார்ப்பார்கள். காப்பீட்டு விவகாரம் முடிகிற வரை ஒட்டுவேலையைத் தொடவே கூடாது. எனக்கு வந்த ஒன்றில் ஆசை தாங்காமல் அன்று மாலையே பசை போட்டுவிட்டேன். முறிவின் உள்முகத்தைப் போட்டோவில் காட்ட முடியாமல் போய்விட்டது.

உடைந்து உதிர்ந்த சிம்பு, தூள் எல்லாவற்றையும் ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். அரிசி அளவுச் சிம்புகூடப் பின்னால் தன் இடத்தில் போய் உட்காரும்.

அப்புறம், துப்பாக்கி காலி என்று அனுப்பியவர் சொன்னாலும் உங்கள் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். அடிபட்டு ஆக்‌ஷன் (குழலும் மரக்கட்டையும் சேரும் இரும்புப் பகுதி) திறக்க மறுத்தால் தோட்டா உள்ளே இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குழல் வாய்க்கு நேராக நிற்காமல், பக்கவாட்டில் நின்று ஒரு மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, நிற்கும் இடத்தில் குறி போடுங்கள். குச்சியை வெளியே எடுத்துக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். குழலின் பின்முனைவரை போயிருந்தால் காலி. அதற்கு முன்னதாகவே நின்றிருந்தால் உள்ளே தோட்டா இருக்கிறது. அப்படியானால் அதைத் திறக்க நீங்கள் முயல வேண்டாம், கன்ஸ்மித்தைக் கூப்பிடுங்கள்.

குழல் சேரவில்லை, முன்கட்டை ஏறவில்லை

பிரித்து அடைத்து அனுப்பிய துப்பாக்கியில் அடிக்கடி வரும் புகார் இது. "ஏதோ வளைந்துவிட்டது" என்று சுத்தியலைத் தேடுவார்கள். பெரும்பாலும் எதுவும் வளைந்திருக்காது.

1875இல் ஆன்சனும் டீலியும் காப்புரிமை பெற்ற பாக்ஸ்லாக் அமைப்பு, இன்றுவரை வெளிவரும் பல இரட்டைக் குழல்களுக்கு அடிப்படை. அதில் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்திகளான ஹாமர்கள் ஆக்‌ஷனுக்குள் ஒளிந்திருக்கும். குழலைக் கீழே மடக்கும்போது, குழலுக்கு அடியில் மாட்டும் மரமான முன்கட்டையின் இரும்பு, ஆக்‌ஷன் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நெம்புகளை அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் ஹாமர்கள் பின்னே போய் ஏறிக்கொள்ளும். குழலைக் கழற்றுவதற்கு மடக்கியாக வேண்டும். ஆகவே கழற்றிய துப்பாக்கி எப்போதும் ஏறிய நிலையில்தான் இருக்கும். ஸ்பிரிங்குக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று நினைத்து, கழற்றிய பிறகு ட்ரிகரை இழுத்துவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. உடனே நெம்புகள் தவறான நிலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு குழல் உட்கார மறுக்கும்.

வழி எளிது. கெட்டியான மரத்துண்டு ஒன்றை மேசை ஓரத்தில் வைத்து, ஒரு நெம்பின் நுனியை அதில் பதித்து, 'டிக்' என்று கேட்கும்வரை துப்பாக்கியின் எடையோடு சேர்த்து அழுத்துங்கள். அப்புறம் அடுத்த நெம்பு. விரலை நடுவில் வைக்காதீர்கள், ஸ்பிரிங் கனமானது. இரும்பை இரும்பால் அழுத்தவும் வேண்டாம். நெம்பின் நுனி சிதைந்துவிடும்.

சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் உள்ள துப்பாக்கியானால் முன்கட்டைக்குள்ளும் இரண்டு குட்டி ஹாமர்கள் இருக்கும். பயணக் குலுக்கலிலோ, யாரோ கை வைத்ததாலோ அவை விழுந்திருந்தால் முன்கட்டை ஏறாது. அதே மரத்துண்டில் அவற்றையும் பின்னே தள்ளி ஏற்றிவிடலாம். ஏற்றிய பிறகும் உட்காரவில்லை என்றால் மட்டும் முன்கட்டை இரும்பு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்கட்டையின் மரம் மெல்லியது. தாழ்ப்பாள் இருக்கும் இடத்திலும் நுனியிலும் வெடிப்பு இருக்கும். அதை அடுத்த பகுதியில் சொல்லும் முறையிலேயே ஒட்டலாம்.

கட்டையின் கழுத்தில் விரிசல், அல்லது முழு முறிவு

பார்சல் சேதங்களில் பெரும்பான்மை இதுதான். காரணம் வடிவத்திலேயே இருக்கிறது. 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக் குழல் சுமார் 3 கிலோ இருக்கும். அதில் பெரும்பகுதி இரும்பு, எல்லாம் முன்பக்கம். பிடிக்கும் இடமான கழுத்துதான் கட்டையிலேயே மெலிந்த பகுதி. அதையும் உள்ளே குடைந்து, மேலும் கீழும் இரும்பு நாக்குகளைப் பதித்து, குறுக்கே ஸ்க்ரூ ஓட்டை போட்டிருப்பார்கள். துப்பாக்கியைப் பிரிக்காமல் முழுதாக அடைத்து, பெட்டி கீழே விழுந்தால் அத்தனை எடையும் அந்த மெலிந்த மரத்தில்தான் நெம்பும்.

முதலில் முறிவின் நிறத்தைப் பாருங்கள். வெளிறிய, காய்ந்த, நார் நாராக நிற்கும் மரம் என்றால் புது முறிவு. கறுத்து, எண்ணெய் ஊறி, ஓரம் மழுங்கியிருந்தால் பழைய விரிசல். பாதி கறுப்பு, பாதி வெளுப்பு என்றால் முன்பே இருந்த விரிசல் இப்போது ஓடிப் பிளந்திருக்கிறது. இது வெறும் ஆர்வத்துக்காகச் சொல்வதில்லை. புது முறிவில் பசை நன்றாகப் பிடிக்கும், கறுத்த பகுதியில் எண்ணெயை எடுக்காமல் எந்தப் பசையும் நிற்காது.

மயிரிழை விரிசல் மட்டும்தான், அழுத்தினால் அசையவில்லை என்றால், தண்ணீர் போல ஓடும் மெல்லிய சயனோஅக்ரிலேட் பசை போதும். விரிசலின் இரு முனைகளிலிருந்தும் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். விரிசல் அசைகிறது என்றாலோ கழுத்து இரண்டாகிவிட்டது என்றாலோ இரும்பைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றுவதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. பழைய நல்ல துப்பாக்கிகளின் ஸ்க்ரூத் தலையில் வெட்டு மிக மெல்லியது. கடையில் கிடைக்கும் ஸ்க்ரூடிரைவரின் நுனி ஆப்பு போலச் சரிந்திருப்பதால் வெட்டின் மேல் விளிம்பை மட்டும் பிடித்துக் கிழித்துவிடும். இரு பக்கமும் இணையாக உள்ள நுனி வேண்டும். வெட்டின் நீளத்துக்கும் அகலத்துக்கும் அரத்தால் தேய்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒன்று செய்தாலும் தகும். ஸ்க்ரூ அசையவில்லை என்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். பிறகு சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி முயலுங்கள். ஓர் அட்டையில் துப்பாக்கியை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒன்று இன்னொன்றின் இடத்தில் சேராது. நல்ல வேலையில் வெட்டுகள் எல்லாம் குழலின் நேர்கோட்டில் நிற்கும்படி ஒவ்வொன்றையும் தனித்தனியே பொருத்தியிருப்பார்கள்.

பொதுவான வரிசை இது: ட்ரிகர் காவல் வளையத்தின் மர ஸ்க்ரூ முதலில், பிறகு கீழ்த்தட்டிலிருந்து மேல் நாக்குவரை போகும் நீண்ட ஸ்க்ரூ, கடைசியில் துப்பாக்கியைத் திறக்கும் மேல் லீவரைத் தள்ளினால் தெரியும் ஸ்க்ரூ. சில துப்பாக்கிகளில் தோளில் படும் பின்தட்டைக் கழற்றினால் கட்டையின் நடுவே ஒரு நீண்ட போல்ட் இருக்கும். அதைப் பார்க்காமல் இழுத்து ஒட்டாத பக்கத்தையும் பிளந்தவர்கள் உண்டு. சுடும் பொறியான லாக்கின் பாகங்களையும் ஸ்பிரிங்குகளையும் கழற்ற வேண்டாம். மர வேலைக்கு அது தேவையில்லை.

அடுத்தது எண்ணெய் எடுப்பது. துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி வைத்ததால், ஆக்‌ஷனுக்குப் போட்ட எண்ணெய் தலைமுறை தலைமுறையாகக் கழுத்துக்குள் இறங்கியிருக்கும். சுண்ணாம்புக்கல் தூளை அசிட்டோனில் குழைத்து முறிவு முகத்திலும் உள்குடைவிலும் தடவிக் காயவிடுங்கள். காயக் காய எண்ணெய் வெளியே வந்து வெள்ளைத் தூள் பழுப்பாகும். தட்டிவிட்டு மறுபடி தடவுங்கள். தூள் வெள்ளையாகவே நிற்கும்வரை. எனக்கு ஒரு கட்டையில் நான்கு முறை ஆயிற்று, இன்னொன்றில் பதினொன்று. அசிட்டோன் வெளிப்புறப் பூச்சைக் கரைத்துவிடும், அதனால் ஓரங்களில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு ஆகாது.

பசை போடும் முன் வெறுமனே சேர்த்துப் பாருங்கள். சரியாகச் சேரவில்லை என்றால் ஏதோ ஒரு நார் மடங்கி நடுவில் நிற்கிறது. அதை வெட்டாமல் ஊசியால் நிமிர்த்தி அதன் பள்ளத்தில் உட்காரவையுங்கள். மேல்விளிம்பு கோடு தெரியாமல் சேரும்வரை பொறுமை வேண்டும். இந்த அரைமணி நேரம்தான் ஒட்டு தெரியுமா தெரியாதா என்பதை முடிவு செய்கிறது.

பசை, மெதுவாக இறுகும் எபாக்ஸி. 24 மணி நேரம் எடுப்பது. ஐந்து நிமிட எபாக்ஸி மரத்துக்குள் ஊறுமுன் இறுகிவிடும். நான் தொடக்கத்தில் அதை வைத்து ஒட்டிய கழுத்து, சில டஜன் தோட்டாக்களுக்குள் அதே கோட்டில் திறந்தது. மரத்தை ஹேர்டிரையரால் இளஞ்சூடாக்கிக்கொண்டால் எபாக்ஸி நீர்த்து ஆழமாக இறங்கும். முழுதாக முறியாத விரிசலை மெல்லிய ஆப்பு வைத்துச் சற்றே திறந்து, பல் இடுக்கு நூலால் பசையை உள்ளே இழுத்துவிடுங்கள்.

இறுக்கிப் பிடிக்க சைக்கிள் டியூபை விட நல்லது எதையும் நான் பார்க்கவில்லை. இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றினால், கழுத்தின் வளைவு முழுக்க ஒரே அளவாக அழுத்தும். பட்டறைக் கிளாம்ப் இரண்டு புள்ளிகளில் மட்டும் அழுத்தித் தடம் பதிக்கும். ஒட்டும்போது ஆக்‌ஷனை அதன் இடத்தில் பொருத்தியே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டை அரை டிகிரி கோணலாக இறுகி, பிறகு இரும்பு உள்ளே போகாது. அதற்கு முன் இரும்பு முழுவதிலும், ஸ்க்ரூ மரைகளிலும்கூட, மெழுகை இரண்டு பூச்சு தேய்த்துவிட வேண்டும். மெழுகு விட்டுப்போன ஒரு சின்ன இடம் போதும், இரும்பும் மரமும் ஒன்றாகிவிடும். வழிந்த பசையை ரப்பர் பதத்தில் இருக்கும்போது சீவிய மரக்குச்சியால் எடுத்துவிடுங்கள். ஆல்கஹால் கொண்டு துடைக்க வேண்டாம். பழைய கட்டைகள் பலவற்றில் அரக்குப் பூச்சு இருக்கும், அது கரைந்துவிடும்.

முழு முறிவுக்குப் பசை மட்டும் போதாது. இறுகிய பிறகு, உள்குடைவிலிருந்து கட்டைக்குள் சாய்வாக, முறிவுக் கோட்டைக் குறுக்கே கடக்கும்படி துளை போட்டு, 3 அல்லது 4 மி.மீ. மரையிட்ட பித்தளைக் கம்பியை எபாக்ஸியோடு இறக்குங்கள். இரும்பைப் பொருத்தினால் அது வெளியே தெரியாது. துளை போடும் கோணத்தைக் கட்டையின் வெளிப்பக்கத்தில் டேப் ஒட்டி வரைந்து பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தின் பக்கவாட்டில் துளை வெளியே வந்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை.

இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். முறிவு முகத்தில் பாதி கறுப்பாக இருந்ததே, அந்தப் பழைய விரிசல் ஏன் வந்தது? ஆக்‌ஷனின் மேல் நாக்கு கட்டைக்குள் முடியும் இடத்தில் காகிதம் நுழையும் அளவு, சுமார் அரை மி.மீ., இடைவெளி இருக்க வேண்டும். மரம் தேய்ந்து ஆக்‌ஷன் பின்னே நகர்ந்தால் இந்த இடைவெளி மறைந்து, ஒவ்வொரு தடவை சுடும்போதும் நாக்கு ஆப்பு போல மரத்தைப் பிளக்கும். அதைச் சரிசெய்யாமல் விரிசலை மட்டும் ஒட்டினால் அது பக்கத்திலேயே வேறொரு கோட்டில் திறக்கும். மெழுகுவத்திக் கரியை இரும்பில் பூசிப் பொருத்திக் கழற்றிப் பாருங்கள். நாக்கின் முனையில் கரி படிந்தால் அங்கே மரத்தை மெல்லச் சீவி இடம் கொடுங்கள். ஆக்‌ஷனின் தட்டையான பின்முகம் கட்டையின் தலையில் இரு பக்கமும் சமமாகப் படிய வேண்டும். படியாத பக்கத்தில் எபாக்ஸியை மெல்லிய படுகையாக ஊற்றி நிரப்பலாம். உதைப்பைத் தாங்க வேண்டிய இடம் அதுதான்.

ஒட்டு முடிந்த பிறகு, வெளிப்பூச்சை முழுதாக உரித்துப் புதிதாகப் பூசும் ஆசை வரும். வேண்டாம். அக்ரூட் மரத்தில் நூறு வருஷக் கைபட்டு வந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒட்டுக் கோட்டின் மேல் மட்டும் கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயை விரலால் தேய்த்துக் காயவிட்டு, பல நாள் திரும்பத் திரும்பச் செய்தால் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

மரத்தில் பள்ளம், பின்தட்டில் உடைசல்

நார் அறுபடாமல் அமுங்கிய பள்ளம் என்றால் ஈரத்துணியை மடித்து வைத்து சால்டரிங் அயர்னால் ஆவி ஏற்றினால் எழும்பிவிடும். நார் அறுந்திருந்தால் எழும்பாது. அதை அப்படியே விடுவது நல்லது. பழைய பின்தட்டுகள் பல கொம்பால் அல்லது கெட்டி ரப்பரால் ஆனவை. உடைந்த துண்டு இருந்தால் மெல்லிய சயனோஅக்ரிலேட்டால் ஒட்டுங்கள். புதியது மாட்டினாலும் பழையதை எறியாதீர்கள்.

குழலில் நசுங்கல்

குழலை வெளிச்சமான ஜன்னலை நோக்கிப் பிடித்து, பின்முனை வழியாகப் பாருங்கள். நல்ல குழலுக்குள் ஒளி வட்டம் வட்டமாக, நெளியாமல் வரிசையாகத் தெரியும். நசுங்கிய இடத்தில் வட்டம் உடைந்து பிறை போல நிழல் விழும். வெளியே நேரான ஸ்கேலை வைத்தும் பார்க்கலாம். உள்ளே பள்ளத்துக்குப் பதிலாக முழுச்சுற்று வளையம் ஒன்று வெளிப்புறமாக உப்பியிருந்தால் அது பார்சலில் வந்ததில்லை. எப்போதோ குழல் அடைபட்டிருந்தபோது சுட்ட தடம். விற்றவரிடம் அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

நசுங்கலோடு சுடவே கூடாது. ஈயக்குண்டும் தோட்டாவுக்குள் இருக்கும் அடைப்பும் அந்த மேட்டில் மோதிப் போகும், குழல் அங்கே உப்பும் அல்லது கிழியும். வெளியே இருந்து தேய்த்துச் சமன் செய்வதும் தவறு, அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிடும். கன்ஸ்மித் உள்ளே விரியும் செருகுக் கருவியை விட்டு, சிறிது சிறிதாக எழுப்புவார். அதற்கு முன் சுவரின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். பழைய குழல்களின் முன்பகுதி பலமுறை தேய்த்து மெருகேற்றியதில் மெலிந்திருக்கும். 0.5 மி.மீ.க்குக் கீழே என்றால் பெரும்பாலானோர் கை வைக்கத் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் சரியானது. டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்துச் செய்த கோலம் தெரியும் குழல் என்றால், எண்ணெய் தடவுவதைத் தவிர வீட்டில் செய்ய எதுவுமில்லை.

குழலைத் தட்டினால் மந்தமாக அதிர்கிறது

இரண்டு குழல்களையும் சேர்க்கும் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் ஈயப்பற்றால் ஒட்டியவை. குழலை மட்டும் தனியே கழற்றி, எஜெக்டரையும் எடுத்துவிட்டு, குழலின் அடியில் உள்ள கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் மடக்கால் தட்டுங்கள். கோயில் மணி போல நீண்டு ஒலித்தால் பற்று முழுதாக இருக்கிறது. கரகரத்தாலோ சட்டென்று அடங்கினாலோ பட்டை எங்கோ விட்டிருக்கிறது. விட்ட இடத்தின் ஓரத்தில் எண்ணெய் விட்டு, பக்கத்தில் விரலால் அழுத்தினால் குமிழி வரும். ஓரத்தில் துருக்கோடு இருந்தால் பழைய கோளாறு, பளிச்சென்ற உலோகம் தெரிந்தால் புதியது.

வீட்டில் டார்ச் வைத்துப் பற்றவைக்க முயலாதீர்கள். வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும். ஓர் அங்குலத்தை ஒட்டப்போய் ஓரடி நீளத்துக்கு விட்டுவிடும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. குழலுக்குக் கறுப்பு நிறம் புதுப்பிக்கக் கொடுத்தால், கொதிக்கும் காரக் கரைசலில் முக்கும் முறைக்குக் கொடுக்கவே கூடாது. அந்தக் காரம் ஈயப்பற்றை அரித்து, பட்டைக்குள் புகுந்து, வெளியே வராமல் உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். பழைய இரட்டைக் குழலுக்கு, மெல்லத் துருவேற்றித் தேய்த்து நிறம் கொண்டுவரும் பழைய முறைதான் பொருந்தும். வேலையை ஏற்கிறவர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே அறிந்திருக்க வேண்டும்.

மூடினால் குழல் ஆடுகிறது

முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியின் கழுத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். முன்கட்டை இருந்தால் அதன் இறுக்கம் ஆட்டத்தை மறைத்துவிடும். குழலின் பின்முனைக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. பெட்டி விழுந்ததால் இது வருவது அரிது. இதற்குப் பார்சல் நிறுவனத்திடம் பணம் கேட்காதீர்கள், விற்றவர் தந்த விவரிப்பைத் திரும்பப் படியுங்கள். தகரத்துண்டு வைத்து இறுக்கி விற்றிருந்தால் குலுக்கலில் அது விழுந்திருக்கும், பெட்டிக்குள் தேடிப் பாருங்கள். சரியான வழி கொக்கியிலோ ஊசியிலோ புது உலோகம் சேர்ப்பது. அது கன்ஸ்மித்தின் வேலை.

மேல் லீவர் நடுவுக்கு வரவில்லை

சற்று வலப்பக்கம் நின்றால் பயப்பட வேண்டாம். புதிய துப்பாக்கியில் அப்படித்தான் நிற்கும், தேயத் தேய நடுவுக்கு வந்து, பிறகு இடப்பக்கம் போகும். தொளதொளவென்று ஆடினால் அதன் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. பழைய 'V' வடிவ ஸ்பிரிங்குகள் ஒரு குலுக்கலில் முறிவது உண்டு. மெதுவாக, பிசின் போல நகர்ந்தால் அது காய்ந்த எண்ணெய். மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு, ஒரு நாள் கழித்துத் துடைத்தால் போதும்.

வெளி ஹாமர் வளைந்திருக்கிறது

ஹாமர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய துப்பாக்கிகளில் பெட்டி அடி நேராக ஹாமர் கொம்பில்தான் விழும். நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அந்த உலோகம் மேல்பரப்பில் கடினப்படுத்தியது, கழுத்தில் படக்கென்று முறியும். ஹாமரின் அடியில் பூதக்கண்ணாடியால் மயிரிழை வெடிப்பைத் தேடுங்கள். ஹாமர் தட்டும் ஊசி முன்னேயே சிக்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். சிக்கிய ஊசியோடு தோட்டா போட்டு மூடினால் மூடும்போதே வெடிக்கலாம்.

சேஃப்டியும் ட்ரிகரும்

வெளியே கீறல்கூட இல்லாமல் வந்த துப்பாக்கிக்கும் இந்தச் சோதனை கட்டாயம். பெரும்பாலான பாக்ஸ்லாக்குகளில் சேஃப்டி பூட்டுவது ட்ரிகரை மட்டும்தான், ஹாமரை அது பிடிப்பதில்லை. ஹாமரைப் பிடித்து நிற்பது மிகச் சிறிய ஒரு விளிம்பு. அடியில் அந்த விளிம்பு சிதைந்திருந்தால் சேஃப்டி போட்டிருந்தாலும் துப்பாக்கி வெடிக்கும்.

கழுத்து முழுதாக, அல்லது ஒட்டி இறுகியிருக்க வேண்டும். தோட்டா உட்காரும் அறைகள் காலி என்று பார்த்து, ஸ்நாப் கேப் எனும் போலித் தோட்டாக்களைப் போட்டு மூடி, பாதுகாப்பான திசையில் பிடித்து, சேஃப்டியை எடுத்துவிட்டுப் பின்தட்டில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். இரண்டு ஹாமரும் விழாமல் நிற்க வேண்டும். பிறகு வலது குழலுக்கான ட்ரிகரை இழுங்கள், வலது ஹாமர் மட்டும் விழ வேண்டும். அந்த அதிர்ச்சியில் இடதும் விழுந்தால் இரண்டு குழலும் சேர்ந்து வெடிக்கும் துப்பாக்கி அது. மறுபடி திறந்து மூடி ஹாமர்களை ஏற்றி, சேஃப்டி போட்டு இரண்டு ட்ரிகரையும் அழுத்தி விட்டு, பிறகு சேஃப்டியை எடுங்கள், அப்போதும் எதுவும் விழக் கூடாது. ஒன்று தவறினாலும் அந்த விளிம்பைக் கல்லால் தேய்க்க நீங்கள் முயல வேண்டாம். அதன் கோணம் கண்ணுக்குப் பிடிபடாத அளவு மாறினாலே உயிருக்கு ஆபத்து.

துரு, உறையின் தடம்

நுரைத்தாளிலும் பிளாஸ்டிக்கிலும் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும். சில நாளில் செம்பூ பூத்துவிடும். மிக நுண்ணிய 0000 எஃகுக் கம்பளியில் எண்ணெய் தோய்த்து, அழுத்தாமல் தேயுங்கள். அமிலத் துருநீக்கி எதையும் பயன்படுத்தாதீர்கள். குழலின் கறுப்பு நிறத்தையும் ஆக்‌ஷனின் வண்ணக் கோலத்தையும் துருவோடு சேர்த்து அழித்துவிடும். மரப்பூச்சில் பதிந்த குமிழித் தடங்களை ஒரு வாரம் காற்றாட விட்ட பிறகு ஆளிவிதை எண்ணெயால் தேய்த்துப் பாருங்கள், பாதிக்கு மேல் போய்விடும்.

எல்லாம் சரியாகிவிட்டது, எப்போது சுடலாம்

குழல், மூடும் இறுக்கம், ட்ரிகர் மூன்றையும் கன்ஸ்மித் பார்த்த பிறகு. குழலின் அடியில் உள்ள புரூஃப் முத்திரைகளை (எந்த மருந்துக்குச் சோதித்த குழல் என்று காட்டுபவை) அவரோடு சேர்ந்து படியுங்கள். கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழலில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டா போகக் கூடாது. அறையின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய 12 போர் பலவற்றில் அறை 65 மி.மீ. தான். 70 மி.மீ. தோட்டா அதற்குள் தடையில்லாமல் போகும், ஏனென்றால் தோட்டாவில் எழுதியிருப்பது சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளம். விரியும் தோட்டா வாய், அறைக்கு முன்னால் குழல் குறுகும் கூம்பில் அடைபட்டு அழுத்தம் ஏறும். குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த 65 மி.மீ. தோட்டாவை முதலில் ஒரு குழலில் மட்டும் போடுங்கள், பிறகு கழுத்தைத் துடைத்து ஒட்டுக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் அடுத்த குழல்.